கூடையில் விழுந்த காசு

1987 ஜனவரிக் குளிரை அப்போது லண்டனில் இருந்தவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். நடைபாதையில் உப்புத் தூவுவார்கள், அதன்மேல் பனி கொட்டும், மறுபடி உப்பு, மறுபடி பனி. எனக்கு இரவில் பெற்றோல் ஷெட்டில் காசாளர் வேலை. விடிந்ததும் அங்கிருந்து நேரே சேரிங் குரொஸ் பக்கத்தில் ஒரு கந்தோருக்குப் போய்த் தரை துடைத்து, குப்பைக் கூடைகளைக் கொட்டிவிட்டு வெளியே வந்தால் பத்தரை மணி. பின்னேரம் மூன்று மணிக்கு ஆங்கில வகுப்பு. நடுவில் கிடக்கும் நாலரை மணித்தியாலத்தை எங்கே கழிப்பது என்பதுதான் அந்த மாரி முழுவதும் என் கவலை. அறைக்குப் போய் வந்தால் பஸ் காசு இரட்டிப்பாகும். நூலகத்தில் இருந்தால் கண் சொருகிவிடும், தூங்கினால் தட்டி எழுப்புவார்கள். தேத்தண்ணிக் கடையில் ஒரே கோப்பையை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருக்க முடியும்? நாட்டைவிட்டு வந்து ஒன்றரை வருடம். அகதி விண்ணப்பத்துக்குப் பதில் வரவில்லை.

ட்ரஃபால்கர் சதுக்கத்தின் கிழக்குப் பக்கம் தென்னாபிரிக்கத் தூதரகம். நெல்சன் மண்டேலாவை விடுதலை செய்யச் சொல்லி அதன் வாசலில் 1986 ஏப்ரல் 19 தொடக்கம் இரவும் பகலும் ஆட்கள் மாறி மாறி நின்றார்கள். அந்தப் பனியிலும் நின்றார்கள். அவர்களைத் தாண்டித் தெருவைக் கடந்தால் செயின்ட் மார்ட்டின் இன் த ஃபீல்ட்ஸ் தேவாலயம். ஜேம்ஸ் கிப்ஸ் வரைந்து 1726இல் கட்டி முடித்தது. அகன்ற படிகள், பெரிய தூண்கள், மேலே கூரான கோபுரம். கதவடியில் ஒட்டியிருந்த தாளில் மதியக் கச்சேரி, இலவசம் என்று இருந்தது. கச்சேரி என்ற சொல்லைவிட இலவசம் என்ற சொல்தான் என்னைப் படியேற்றியது. யார் நீ, எங்கேயிருந்து வருகிறாய், எந்தச் சமயம் என்று யாராவது கேட்பார்கள் என்று மனத்துக்குள் பதில்களை ஆங்கிலத்தில் அடுக்கிக்கொண்டு போனேன். ஒருவரும் கேட்கவில்லை. ஒரு தாளைக் கையில் தந்து, முன்னுக்கு இடமிருக்கிறது, போய் இருங்கள் என்றார்கள்.

சூடு வரும் குழாய்க்குப் பக்கத்து வாங்கைத் தேடியதில் பியானோவுக்குக் கிட்டவே போய்விட்டேன். எனக்குப் பக்கத்தில் வீதியில் படுக்கும் கிழவர் ஒருவர் போர்வையைச் சுற்றியபடி இருந்தார். பியானோ வாசிக்க வந்தவளுக்கு இருபது, இருபத்தொரு வயது இருக்கும். இசைக் கல்லூரி மாணவி என்று தாளில் போட்டிருந்தது. கறுப்பு உடுப்பு, விரல்நுனி வெட்டிய கம்பளிக் கையுறை. குனிந்து வணங்கிவிட்டுக் கையுறையைக் கழற்றி, ஒன்றின்மேல் ஒன்றாக மடித்துப் பியானோவின் ஓரத்தில் வைத்தாள். உள்ளங்கை இரண்டையும் சேர்த்துத் தேய்த்தாள். வாயருகே கொண்டுபோய் மூன்று தரம் ஊதினாள். வலக்கைச் சுட்டுவிரலில் ஒரு பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. அதன் நுனி கிளம்பி நின்றது. அதை அழுத்திவிட்டுக்கொண்டு தொடங்கினாள்.

முதலில் பாக் என்று தாள் சொன்னது. பாக் யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு கை சொன்னதை மற்றக் கை வாங்கித் திருப்பிச் சொல்ல, அது முடியுமுன் முதல் கை வேறொன்றைத் தொடங்க, இரண்டு தவில்காரர் எதிரெதிரே இருந்து மாறி மாறி அடிப்பதைக் கேட்டு வளர்ந்த காது அதைப் பிடித்துக்கொண்டது. தூங்கப் போனவன் தூங்கவில்லை. பக்கத்துக் கிழவரும் தூங்கவில்லை. கண்ணை மூடியிருந்தார், போர்வைக்குள்ளே அவருடைய பெருவிரல் மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

முடிந்து வெளியே வரும்போது வாசலில் நரைத்த தலை அம்மா ஒருவர் பிரம்புக் கூடையுடன் நின்றார். என் காற்சட்டைப் பையில் இருந்தது பஸ் காசு மட்டும். கோட்டின் உள்பையில், ஊரிலிருந்து வரும்போது தங்கிப்போன இலங்கை இரண்டு ரூபாய்க் காசு ஒன்று இருந்தது. அதை எடுத்து, விரலால் மூடியபடி கூடையில் போட்டேன். மற்றக் காசுகளில் பட்டு நல்ல சத்தமாக விழுந்தது. அந்த அம்மா கூடையைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார். நாளைக்கும் இருக்கிறது, வாருங்கள் என்றார். கள்ளக்காசு மாற்றியவனைப்போல் படியிறங்கினேன். ஆனால் மறுநாளும் போனேன். அந்த மாரி முழுவதும் போனேன்.

இலவசக் கச்சேரி என்பது எனக்குப் புதிதில்லை என்பதை இங்கே சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் கோயில் திருவிழாவுக்கு யார் டிக்கெட் வாங்கினார்கள்? தட்சணாமூர்த்தியின் தவிலும் அளவெட்டி பத்மநாதனின் நாதஸ்வரமும் விடிய விடிய நடக்கும். நாங்கள் வீதி மணலில் பாயைப் போட்டு, பாதி கேட்டு, பாதி தூங்கி, நல்ல இடம் வரும்போது அப்பா தட்டி எழுப்ப எழுந்திருப்போம். பிரசங்கமும் அப்படித்தான், கந்தபுராணப் படிப்பும் அப்படித்தான். கோயிலில் நடப்பது ஊருக்கு. அவ்வளவுதான். ஆனால் எங்கள் ஊரில் இலவசம் என்ற சொல்லை நாங்கள் பாவித்ததே இல்லை. இன்றைய திருவிழா இன்னார் உபயம் என்போம். மேளக்காரருக்கு யார் கொடுக்கிறார் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். உபயகாரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்வரிசையில் நிற்பார், கச்சேரி முடிய மேளக்காரருக்குச் சால்வை போர்த்துவார்.

லண்டனில் அந்த உபயகாரர் யார் என்று அன்று நான் யோசிக்கவில்லை. தேவாலயம் கொடுக்கிறது என்று நினைத்தேன். அப்படி நினைக்கவும் நியாயம் இருந்தது. முதலாம் உலகப் போர்க் காலத்தில் டிக் ஷெப்பர்ட் என்ற பாதிரியார் அங்கே வந்தார். சேரிங் குரொஸ் ஸ்டேஷனில் வந்திறங்கிய சிப்பாய்களுக்குப் படுக்க இடம் கொடுத்தார். எந்நேரமும் திறந்த கதவு என்பதே அந்த இடத்தின் பெயராகிவிட்டது. 1924 ஜனவரியில் பிபிசி முதன்முதலில் ஒரு தேவாலய ஆராதனையை வானொலியில் ஒலிபரப்பியதும் அங்கிருந்துதான். வந்து கேட்க முடியாதவர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதே அதற்கும் நோக்கம்.

தெருவுக்கு எதிரே தேசிய ஓவியக்கூடம். இரண்டாம் போரில் குண்டுக்குப் பயந்து படங்களையெல்லாம் வெளியூருக்கு அனுப்பிவிட்டு வெறும் சுவரோடு நின்ற அந்தக் கட்டடத்தில், மைரா ஹெஸ் என்ற பியானோக் கலைஞர் 1939 அக்டோபரில் மதியக் கச்சேரிகளைத் தொடங்கினார். 1946 வரை 1,698 கச்சேரிகள். நுழைவு ஒரு ஷில்லிங். அதில் மிஞ்சியது தொழில் இழந்த இசைக்காரர்களின் நிதிக்குப் போனது. அந்த ஷில்லிங்கை நான் பல வருடங்களுக்குப் பிறகுதான் சரியாக விளங்கிக்கொண்டேன்.

இசை மதியத்தில் என்றால் பேச்சு மாலையில். வேலை இல்லாத மாலைகளில் பிக்கடிலிக்கு நடந்தேன், செயின்ட் ஜேம்ஸ் தேவாலயத்துக்கு. கிறிஸ்டோபர் ரென் கட்டி 1684இல் அர்ப்பணிக்கப்பட்டது. கவிஞர் வில்லியம் பிளேக்குக்கு 1757இல் ஞானஸ்நானம் கொடுத்த சலவைக்கல் தொட்டி அங்கே இருக்கிறது. அதன் தண்டில் ஆதாமும் ஏவாளும் மரமும் பாம்பும். 1940இல் குண்டு விழுந்து நொறுங்கி மறுபடி எழுந்த இடம். நான் போன காலத்தில் டொனால்ட் ரீவ்ஸ் அங்கே பாதிரியாராக இருந்தார். தேவாலயத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் வைத்திருக்க முடியாது என்று நினைத்த மனிதர். அணு ஆயுதம், தென்னாபிரிக்கா, வறுமை, தியானம் எல்லாம் அங்கே பேசப்பட்டன. என் வகுப்பு ஆசிரியை கொடுத்த புத்தகத்தில், தபாற்கந்தோர் எங்கே இருக்கிறது, நேரே போய் இடப்பக்கம் திரும்புங்கள் என்பதுதான் பாடம். இங்கே முழு மனிதர்கள் முழு வசனம் பேசினார்கள், ஒருவரை ஒருவர் மறுத்தார்கள், மறுத்தபின் ஒன்றாக நின்று தேத்தண்ணி குடித்தார்கள். என் ஆங்கிலம் அங்கே வளர்ந்தது.

கேள்வி கேட்கும் நேரத்தில் நான் முதல்முறை கை தூக்கிய நாள் நன்றாக நினைவிருக்கிறது. பேசியவர் அகதிகளைப்பற்றிச் சொன்னார். நான் எழுந்து, நீங்கள் அவர்கள், அவர்கள் என்கிறீர்கள், அவர்களில் ஒருவன் உங்கள் நாலாவது வரிசையில் இருக்கிறேன் என்று சொல்ல நினைத்தேன். வாய்க்கு வந்தது அதில் பாதி, இலக்கணம் இல்லாமல். சபை அமைதியாக இருந்தது. மேடையிலிருந்தவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, அப்படியென்றால் நீங்கள் சொல்லுங்கள், நான் கேட்கிறேன் என்றார். ஐந்து நிமிடம் பேசினேன். இலங்கையில் தமிழருக்கு எதிராக நடந்த 83 ஜூலை வன்முறையைப்பற்றி அந்நிய மொழியில் அந்நியர் முன்னால் பேசியது அதுதான் முதல் தடவை.

இப்படியான பேச்சுகளுக்கு லண்டனில் நீண்ட வம்சம் உண்டு. நகரத்தின் பழைய வியாபாரப் பகுதியில், சீப்சைட் வீதியில், செயின்ட் மேரி லெ போ தேவாலயம் இருக்கிறது. அங்கே ஒன்றுக்கு இரண்டு பிரசங்க மேடைகள் நேருக்கு நேர் நிற்கும். ஜோசப் மக்கலக் என்ற பாதிரியார் 1964இலிருந்து 1979 வரை, மதிய உணவு நேரத்தில், ஒரு மேடையில் தான் நின்று மற்ற மேடையில் ஒரு விருந்தாளியை ஏற்றி, கந்தோர் ஆட்கள் முன்னிலையில் வாதாடினார். நான் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. ஆனால் 2004இல் அதே தேவாலயத்தில் பொயில் உரைகள் மறுபடி தொடங்கியபோது போயிருக்கிறேன். ரொபர்ட் பொயில்! பௌதிக வகுப்பில் வாயுவின் அமுக்கமும் கனவளவும் என்று மனப்பாடம் செய்த அதே பொயில். 1691இல் சாகுமுன், சமயமும் அறிவும்பற்றிப் பொதுமக்களுக்கு உரை நிகழ்த்த வருடம் 50 பவுண்ட் என்று உயில் எழுதி வைத்தார். அடுத்த வருடமே ரிச்சர்ட் பென்ட்லி முதல் உரையை நிகழ்த்தினார். அந்தக் கதையைக் கேட்டதும், இதோ ஒரு உபயகாரர் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். முந்நூறு வருடத்துக்குப் பிறகும் அவருடைய திருவிழாவில் நான் இருக்கிறேன்.

ஆனால் பீற்றர் பெனென்சன்பற்றி நான் கேட்ட ஒரு பேச்சு என்னை அசைத்ததுபோல் வேறெந்தப் பேச்சும் அசைக்கவில்லை. அவர் லண்டன் வழக்கறிஞர். 1960இல் ஒரு நாள் ரயிலில் பத்திரிகை படித்துக்கொண்டு வந்தார். போர்த்துக்கலில் இரண்டு மாணவர்கள் சுதந்திரத்துக்காகக் கோப்பை உயர்த்திக் குடித்ததற்காகச் சிறையில் போடப்பட்டதாக அதில் இருந்தது. கோபத்தோடு இறங்கி, செயின்ட் மார்ட்டின் தேவாலயத்துக்குள் போய் உட்கார்ந்து யோசித்ததாக அவரே பின்னர் சொல்லியிருக்கிறார். அடுத்த வருடம் மே 28இல் அப்சர்வர் பத்திரிகையில் அவர் எழுதிய கட்டுரையிலிருந்து பிறந்ததுதான் அம்னெஸ்டி என்ற மனித உரிமை அமைப்பு.

என் பெரியம்மாவின் மகன், பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடிபட்டு எங்கே இருக்கிறான் என்று தெரியாதிருந்த நாட்களில், பெரியம்மா சொல்லச் சொல்ல அந்த அம்னெஸ்டிக்கு நீல நிற எயார் லெட்டரில் எழுதியவன் நான். லண்டன் என்று முகவரி எழுதியபோது அந்த ஊரை நான் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை. பதில் வந்தது, உங்கள் மகனின் பெயரைக் குறித்துக்கொண்டோம் என்று. அண்ணா உயிரோடு வீடு வந்தார். எதனால் விட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. பெரியம்மா சாகும்வரை அந்தக் கடிதத்தைச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். குளிருக்கு ஒதுங்கி நான் இருந்தேனே, அந்த வாங்குகளில் ஒன்றில் இருந்துதான் அந்தக் கடிதத்தின் முதல் எண்ணம் எழும்பியிருக்கிறது. மாரி முழுவதும் அதற்குள்ளேயே இருந்தும் நான் அறியாமல் இருந்தேன். பேச்சு முடிந்து எல்லோரும் போனபின்பும் எனக்கு எழும்ப மனம் வரவில்லை.

காலம் மாறியது. விண்ணப்பத்துக்குப் பதில் வந்தது, வேலை வந்தது, வீடு வந்தது, பிள்ளை பிறந்தாள். செயின்ட் மார்ட்டினும் மாறியது. 3 கோடியே 60 லட்சம் பவுண்ட் செலவில் புதுக்கி 2008இல் முடித்தார்கள். கிழக்கு யன்னலில் ஈரானில் பிறந்த ஓவியர் ஷிராஸே ஹுஷியாரி வடிவமைத்த கண்ணாடி. சிலுவை தண்ணீரில் தெரியும் நிழல்போல் வளைந்திருக்கும். மாலையில் மெழுகுதிரி வெளிச்சத்தில் டிக்கெட் கச்சேரிகள், நிலவறையில் உணவகம். அவற்றின் வருமானமும் அந்தத் திறந்த கதவைத் தாங்குகிறது. 2020 மார்ச்சில் தொற்றுக்காக நாட்டின் தேவாலயங்கள் எல்லாம் மூடப்பட்டபோது, அந்தக் கதவும் சாத்தியிருக்கிறது என்று கேள்விப்பட்டு நான் ஒருதரம் நடந்துபோய்ப் படிக்கட்டைப் பார்த்துவிட்டு வந்தேன். பார்த்து என்ன செய்ய என்று வீட்டில் கேட்டார்கள். பார்க்க வேண்டியிருந்தது.

என் மகள் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் சம்மணமிட்டு இருந்து கர்நாடக வயலின் படித்தாள். பிறகு பள்ளி வாத்தியக்குழுவில் எழுந்து நின்று மேற்கத்திய வயலின். இசைக் கல்லூரி முடித்தாள். போன வருடம் நகரத்தின் ஒரு தேவாலயத்தில் மதியக் கச்சேரிக்கு அவளை அழைத்தார்கள். ஐம்பது நிமிடம். அனுமதி இலவசம் என்று அறிவித்தலில் பார்த்ததும் எனக்கு நெஞ்சு நிறைந்தது. அதன்பிறகு மூன்று மாதம் அந்த இலவசம் என் வீட்டு மேல்மாடியில் எப்படித் தயாராகிறது என்று பார்த்தேன். காலை ஆறு மணிக்கு ஒரே நாலு வரியை நாற்பது தரம். இடது தாடைக்குக் கீழே வயலின் அழுத்தி அழுத்திக் கறுத்த தழும்பு. புதுத் தந்திகள். கூட பியானோ வாசிப்பவருக்கு இரண்டு ஒத்திகைக்கும் கச்சேரிக்குமாக 180 பவுண்ட், அவள் தன் கையிலிருந்து கொடுத்தாள். அன்றைக்குக் கற்பிக்கும் வகுப்புகளை விட்டதில் போன சம்பளம் வேறு. அந்தத் தேவாலயத்தைக் குறை சொல்ல முடியாது. கூரை ஒழுகும் கட்டடத்தைக் கையேந்திக் காப்பாற்றுகிறவர்கள், சேர்வதில் பாதியை வாசித்தவருக்கே கொடுக்கிறார்கள். ஆனால் 1987இல் விரலை ஊதிக்கொண்டு வாசித்தாளே, அந்தப் பெண்தான் எனக்கு உபயகாரி என்பதை முப்பத்தெட்டு வருடம் கழித்து என் பிள்ளையைப் பார்த்து அறிந்தேன். அவள் பெயரை நான் குறித்து வைக்கவில்லை. அந்தத் தாளைச் சப்பாத்துக்குள் மடித்து வைத்து நடந்தேன், ஓட்டையால் ஈரம் ஏறாமல் இருக்க.

கச்சேரியன்று ஒரு மணிக்கே போய் முன்வரிசையில் இருந்தேன். வாசலில் அட்டை தட்டும் கருவி வைத்திருந்தார்கள். 5, 10, 20 என்று திரையில் வெளிச்சமாக எழுத்து. தட்டினால் கீச்சென்று சத்தம், நன்றி என்று எழுத்து, பின்னால் நிற்பவருக்கும் தெரியும். காலத்துக்கு வேண்டியதுதான், இப்போது யார் சில்லறை வைத்திருக்கிறார்கள்? என்றாலும் அந்தக் கருவியைக் கும்பிட்டுக் கேட்கிறேன், பக்கத்தில் ஒரு கூடையையும் வைத்திருங்கள். கூடைக்குள் போன கையில் என்ன இருந்தது என்று ஒருவருக்கும் தெரியாது. ஒன்றும் இல்லாதவனும் கையை உள்ளே விட்டு எடுக்கலாம். நல்லவேளையாக அங்கே ஒரு கூடையும் இருந்தது.

வாசித்தாள். பாக் இருந்தது, தனி வயலினுக்கு. நான் அழுதேன்.

முடிந்தபின் கூடையில் சேர்ந்ததில் அவளுடைய பங்கை ஒரு மண்ணிறக் கடித உறையில் போட்டுக் கொடுத்தார்கள். கருவியில் வந்ததைக் கணக்குப் பார்த்துப் பிறகு அனுப்புவார்களாம். வீடு திரும்பும் ரயிலில் மடியில் கைலேஞ்சியை விரித்து எண்ணினாள். ஐந்து பவுண்ட் நோட்டு நாலு, மிச்சம் சில்லறை. நடுவில் ஒரு காசை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினாள். தேய்ந்த காசு, ஒரு பக்கம் அரபு எழுத்து.

“அப்பா, இஞ்ச பாருங்கோ. ஆரோ செல்லாத காசைப் போட்டிருக்கினம்.”

“சத்தம் கேட்டதா பிள்ளை?”

“என்ன சத்தம்?”

ஃபின்ஸ்பரி பார்க் தாண்டும்வரைக்கும் நான் சொன்னேன். இரண்டு ரூபாய்க் காசு, நரைத்த தலை அம்மா, சப்பாத்துக்குள் வைத்த தாள், எல்லாம். இத்தனை வருடத்தில் அவளுக்கு அதைச் சொன்னதில்லை. ஒன்றும் பேசாமல் கேட்டாள். பிறகு, அந்தக் காசை எனக்குத் தாங்கோ அம்மா, நான் வைத்திருக்கிறேன் என்று கை நீட்டினேன்.

அவள் தரவில்லை. காலடியில் இருந்த வயலின் பெட்டியைத் தூக்கி மடியில் வைத்துத் திறந்தாள். வில்லுக்குப் பூசும் ரொசின் கட்டி வைக்கும் சின்ன அறைக்குள் அந்தக் காசைப் போட்டு, மேலே மஞ்சள் துணியை மடித்து வைத்து, மூடினாள்.